அத்தை வீட்டில் நான்கு நாள்

ஐந்தாம் வகுப்பில் எனக்கு வரலாறு என்றால் உயிர். கடைசியில் அது என் உயிரையே வாங்கியது. கோபாலபுரத்தில் நான் படித்த பள்ளியில் அமெரிக்கப் பாடத்திட்டம். சோழ பாண்டியரையெல்லாம் ஓரமாக வைத்துவிட்டு, அமெரிக்காவில் முதன்முதலாகக் குடியேறிய வெள்ளைக்காரர்கள் எப்படிச் சோப்புக் காய்ச்சினார்கள் என்று படித்துக்கொண்டிருந்தோம்.

அந்த வருடக் கடைசிப் பாடம் அவர்களுடைய குழந்தைகளைப் பற்றியது. பத்து வயது தாண்டினால் பிள்ளையை உறவினர் வீட்டில் கொண்டுபோய் விட்டுவிடுவார்களாம். அப்பா காகிதத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டால், பெண் குழந்தை பதினெட்டு வயது வரை அந்த வீட்டில் வேலை செய்யவேண்டும். பெரியவர்கள் உட்கார்ந்து சாப்பிட, குழந்தைகள் நின்றபடியே சாப்பிடவேண்டும். கேட்டாலொழிய வாய் திறக்கக் கூடாது. எனக்கு அந்த மாதம்தான் பத்து முடிந்திருந்தது.

மறுவாரம் லீவு. அசோக் நகரில் அத்தை வீட்டில் கொஞ்ச நாள் இருந்துவிட்டு வா என்றார் அப்பா. அக்காவுக்கு அழைப்பில்லை, எனக்கு மட்டும். பெட்டிக்குள் என் துணிகள் மொத்தமும் போயின, சென்னையில் ஒருநாளும் போடாத ஸ்வெட்டர் உட்பட. மேலே ஒரு பிளாஸ்டிக் ஃபைல். திறந்தால் என் பிறப்புச் சான்றிதழ். சட்டென்று மூடிவைத்தேன். அம்மா என் முகத்தைப் பார்க்காமலேயே தலை பின்னிவிட்டாள்.

அத்தை அப்பாவின் தங்கை. கல்யாணமாகிப் பதினான்கு வருடம், குழந்தை இல்லை. எனக்கென்று தனி அறை, புதுக் கட்டில் எல்லாம் தயாராக இருந்தன. வேலை செய்ய வந்தவளுக்கு எதற்குப் புதுக் கட்டில் என்று யோசிக்கக்கூட முடியாத பயம் எனக்கு. காலையில் எழுந்ததும் கூடத்தைப் பெருக்கினேன், பாத்திரம் துலக்கினேன். ஒரு டம்ளர் கைநழுவியபோது அடி விழும் என்று கண்ணை மூடிக்கொண்டு நின்றேன். அத்தையோ, இந்த வயதில் என்ன பொறுப்பு பாருங்கள் என்று அத்திம்பேரிடம் பெருமையடித்தாள். அம்மாவோடு ஃபோனில் பேசுகிறாயா என்றாள். அழுதுவிடுவேன் என்று மாட்டேன் என்றேன்.

மூன்று நாளும் நான் நின்றுகொண்டே சாப்பிட்டதை அத்தை ஏதோ விளையாட்டு என்றுதான் நினைத்தாள். நான்காம் நாள் உட்காரவைக்கக் கையைப் பிடித்தபோது, வெடுக்கென்று உருவிக்கொண்டேன்.

“என்னடி ஆச்சு? சொல்லு.”

கேட்டுவிட்டாள், இனி வாய் திறக்கலாம்.

“பதினெட்டு வயசு வரைக்கும் இங்கேயே இருக்கணுமா அத்தை? அப்பா கையெழுத்துப் போட்டாச்சா?”

அத்தையின் முகம் வெளுத்துவிட்டது. யார் உன்னிடம் சொன்னது என்று கேட்டாள். நாலு நாள் அடக்கியிருந்த அழுகைதான் வந்தது. அணைத்துக்கொள்ள வந்தவள், நான் சுவரோரமாகப் பின்வாங்கியதும் அப்படியே நின்றுவிட்டாள்.

சாயங்காலமே ஆட்டோவில் கோபாலபுரம், பெட்டியோடும் ஃபைலோடும். வாசலிலேயே ஃபைலை அப்பா கையில் கொடுத்தாள்.

“வேண்டாம்ண்ணா. கொழந்தை பயந்துண்டு நிக்கறா.”

அம்மா எவ்வளவு கூப்பிட்டும் அத்தை உள்ளே வரவில்லை. ஆட்டோ காத்திருக்கிறது என்று போய்விட்டாள்.

என்னை அத்தைக்குத் தத்துக் கொடுக்க ஒரு வருடமாகப் பேசிக்கொண்டிருந்ததையும், லீவு முடிவதற்குள் பக்குவமாக என்னிடம் சொல்ல நினைத்திருந்ததையும், நான் கல்லூரி முடித்த பிறகுதான் அம்மா சொன்னாள். அன்றைக்கு அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டு நின்ற எனக்குத் தெரிந்ததெல்லாம், என் வேலை அத்தைக்குத் திருப்தியில்லை, அதனால் திருப்பிக் கொடுத்துவிட்டாள் என்பதுதான். அப்பாடா என்றிருந்தது.