குறைவாக வந்த கிரியேட்டினின்

பாலசுப்ரமணியத்தின் அண்ணன் ஈரோட்டில் டயாலிசிஸ் செய்துகொண்டிருந்து இறந்துபோனார். காரியம் முடித்துத் தில்லி துவாரகா வீட்டுக்குத் திரும்பியதிலிருந்து பாலசுப்ரமணியத்தைச் சிறுநீரக பயம் பிடித்துக்கொண்டது. அண்ணனுக்கு டாக்டர் சொன்ன பத்தியத்தை இவர் தன் வீட்டிலும் கொண்டுவந்தார். பருப்பு பேருக்குத்தான். முட்டை கிடையாது. ஞாயிற்றுக்கிழமைக் கறி நின்றது. அவருக்கும் மனைவி பூங்கோதைக்கும் ஒரு நோயும் இல்லை. அவர்களைப் பத்தியம் இருக்கச் சொன்னவரும் யாருமில்லை.

"எனக்கு ரசஞ்சோறே போதுமுங்க" என்று பூங்கோதையும் ஒத்துக்கொண்டாள்.

ஆண்டுக்கொரு முறை இருவரும் ரத்தம் கொடுத்துப் பார்ப்பார்கள். முடிவு வந்ததும் அவர் முதலில் தேடுவது கிரியேட்டினின் எவ்வளவு என்றுதான். அது ஏறினால் சிறுநீரகம் கெடுகிறது என்பது அண்ணனைப் பார்த்து அவர் தெரிந்துகொண்ட பாடம். அவருடையது ஒரே நிலையில் நின்றது. பூங்கோதைக்கோ வருஷா வருஷம் இறங்கிக்கொண்டே வந்தது.

"உன்ற கிட்னி கொமரிப்புள்ள கிட்னி, போ!" என்பார். பார்க்கிறவர்களிடமெல்லாம் அதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டார்.

அவர் மத்திய அரசு வேலையில் இருந்த காலத்தில் தில்லியிலேயே ஆர்.கே.புரம் குவார்ட்டர்ஸில் மூன்றாவது மாடி வீடு. மே மாதத்தில் தண்ணீர் மேலே ஏறாது. கீழேயிருந்து இரண்டு கையிலும் வாளி தூக்கிக்கொண்டு, பக்கத்து வீட்டு சுஷ்மாவோடு இந்தியில் கதை பேசியபடியே படியேறி வருவாள் பூங்கோதை. மூச்சு வாங்காது. ஒற்றை வாளியோடு வருகிற இவர்தான் நடுவில் இறக்கிவைத்துவிட்டு நிற்பார்.

அந்தப் பூங்கோதை இப்போது குக்கர் மூடியைத் திறக்க எதிர் ஃப்ளாட்டில் ஆள் தேடினாள். "உடம்புல சத்தே இல்லீங்க" என்று சொல்லிப் பார்த்தாள். "ரிப்போர்ட் நல்லாத்தானே இருக்குது" என்று அவர் பேச்சை முடித்துவிடுவார். மலை மந்திர் முருகன் கோயிலுக்குப் போனால், "நீங்க போய்ட்டு வாங்க" என்று படிக்குக் கீழேயே நின்றுகொண்டாள். ஆர்.கே.புரத்தை விட்டுத் துவாரகாவுக்கு வந்தது பிடிக்காமல் வீம்பு பண்ணுகிறாள் என்று இவர் நினைத்துக்கொண்டார்.

தமிழ்ச் சங்கத்துப் பொங்கல் விழாவில் தரையில் பந்தி. சாப்பிட்டு எல்லோரும் எழுந்துவிட்டார்கள். பூங்கோதையால் முடியவில்லை.

"கொஞ்சம் கையக் குடுங்க" என்றாள் மெதுவாக.

"எல்லாரும் பாக்கறாங்க, எந்திரி. நாடகம் ஆடாத."

அவள் சுவர் வரைக்கும் தவழ்ந்து போய், அதைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

அடுத்த கோடையில் ஒரு மருத்துவமனையில் ஆராய்ச்சிக்காக ஆள் கேட்டார்கள். வயதானால் தசை கரைவதை ரத்தத்தைப் பார்த்தே கண்டுபிடிக்க முடியுமா என்று பார்க்கிறார்களாம். ஆணும் பெண்ணும் வேண்டும். இன்னொரு தடவை ரத்தம் பார்த்தாற்போல ஆயிற்று என்று பாலசுப்ரமணியம் மனைவியையும் கூட்டிக்கொண்டு போனார்.

ரத்தம் எடுத்தபிறகு, கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழச் சொன்னார் இளைஞரான டாக்டர் அபினவ். பாலசுப்ரமணியம் எழுந்துவிட்டார். பூங்கோதை முன்னால் குனிந்து குனிந்து பார்த்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

அவருக்கு வெட்கமாக இருந்தது. அதை மறைக்க, "ரத்த ரிப்போர்ட் இவளுக்கு ரொம்ப நல்லா இருக்குது, டாக்டர் சாப். கிரியேட்டினின் வருஷா வருஷம் இறங்குது" என்று இந்தியில் சொன்னார்.

எழுதிக்கொண்டிருந்த அபினவ் நிமிர்ந்தார். "இறங்குகிறதா? அங்கிள், அது தசையிலிருந்து வருவது. சிறுநீரகம் அதை வெளியே தள்ளும், அவ்வளவுதான். தசை குறைந்தாலும் அது குறையும். அதை மட்டும் வைத்து முடிவுக்கு வர முடியாது. தசை கரைவதை ஆணின் ரத்தம் காட்டுவதுபோலவே பெண்ணின் ரத்தமும் காட்டும் என்று சொல்ல முடியாது. ஆனால் ஆண்ட்டியால் எழவே முடியவில்லையே, நீங்கள் கவனிக்கவில்லையா?" பிறகு, "வீட்டில் என்ன சாப்பாடு?" என்று கேட்டார்.

பாலசுப்ரமணியம் பத்தியத்தைச் சொன்னார். சொல்லச் சொல்லக் குரல் இறங்கிப் போயிற்று.

வீட்டுக்கு வரும் வழியில் பூங்கோதை, "சத்தில்லைன்னு நான் சொன்னப்பக் கேக்கலீங்களே" என்றாள். அவள் கோபத்தில் சொல்லியிருந்தால் அவருக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

அன்றே பருப்பும் முட்டையும் வீட்டுக்குள் வந்தன. பயிற்சி சொல்லித்தர ஒரு பெண்ணையும் ஏற்பாடு செய்தார். ஆனால் கால் தேறுவதற்குள் பூங்கோதை குளியலறையில் விழுந்துவிட்டாள். இடுப்பெலும்பு முறிந்தது. ஆபரேஷன் முடிந்து படுத்திருந்தவளின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எலும்புக்கு மேல் தோல் மட்டும் இருப்பதுபோல் இருந்தது. தினமும் சோறு போட்ட இந்தக் கையை எத்தனை வருஷமாகப் பார்க்காமல் இருந்திருக்கிறோம் என்று நினைத்துக்கொண்டார்.

"அன்னிக்குச் சங்கத்துல..." என்று ஆரம்பித்தார்.

"உடுங்க" என்றாள் அவள். கண்ணைத் திறக்கவில்லை.

குளிர்காலத்தில் மறுபடி பரிசோதனைக்குப் போனார்கள். பூங்கோதை வாக்கரைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். அவளை வெளியே உட்கார வைத்துவிட்டு அபினவிடம் தனியாகக் கேட்டார்: "போனது திரும்பி வருமா?"

"தோடா ஆயேகா, அங்கிள்." கொஞ்சம் வருமாம். "பயிற்சியை விடாதீர்கள். முன்னாடியே வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்."

அவர் தலையாட்டினார். வெளியே வந்து பூங்கோதையின் பக்கத்தில் நின்றுகொண்டார். அவள் வாக்கரை நகர்த்தினாள், நின்றாள், மறுபடி நகர்த்தினாள். வாசலில் ஆட்டோக்காரர் இருவரையும் பார்த்துவிட்டு, "ஜல்தி, அங்கிள்ஜி" என்றார்.

அவள் மெதுவாகவே வரட்டும், வேறு ஆட்டோ பார்த்துக்கொள்ளலாம் என்று பாலசுப்ரமணியம் கையை அசைத்து அவரைப் போகச் சொல்லிவிட்டார்.