ஒட்ட வெட்டு

நாற்காலியில் யார் உட்கார்ந்தாலும், மாமா முதலில் அவர் பிடரியில் இரண்டு விரலை வைத்து முடியை எதிர்ப்பக்கமாக ஒருமுறை தள்ளிப் பார்ப்பார். பிறகுதான் கேட்பார்: “கைதியா, விசாரணையா?”

அவருடைய தெருமுனைக் கடைக்குப் புதிதாக வந்தவர்கள் திடுக்கிடுவார்கள். பழகியவர்கள் சிரிப்பார்கள். “விசாரணைதான்யா, வீட்ல இன்னும் தீர்ப்பு சொல்லல.”

அது சிறைப் பேச்சு. அம்மாவின் தம்பியான மாமா, வாரத்தில் இரண்டு நாள் சிறைக்குள் போய் முடி வெட்டினார். வெளியே இருக்கும் நமக்கு உள்ளே அடைபட்ட எல்லோரும் கைதிகள். அங்கே அப்படியில்லை. வழக்கு நடக்கும்வரை ‘விசாரணை’. காதோரம் மட்டும் ஒதுக்கிவிட வேண்டும். தண்டனை விழுந்த பிறகே ‘கைதி’. ஒட்ட வெட்ட வேண்டும். வார்டர் அந்த ஒரு சொல்லைச் சொல்வார், மாமா மெஷினை எடுப்பார்.

“ஜட்ஜுக்கு முன்னால என் மெஷின் ஓடாது மாப்ளே” என்று என்னிடம் பெருமையடிப்பார்.

வேலை பார்த்த கிடங்குக்குத் தீ வைத்ததாக அண்ணனைப் பிடித்துக்கொண்டு போனபோது, எங்களுக்கு ஒரே ஆறுதல் மாமாதான். “விசாரணைதானேக்கா, கிராப்பு கலையாம வச்சிருக்கேன்” என்று அம்மாவிடம் வந்து சொல்வார்.

தீர்ப்புக்கு முந்தின நாள் மாலை, சிறையிலிருந்து நேராக எங்கள் வீட்டுக்கு வந்தார். அம்மா அண்ணனின் நீலச் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். சாட்சிகள் யாரும் அவனை அடையாளம் காட்டவில்லை, நாளை விட்டுவிடுவார்கள் என்று வக்கீல் சொல்லியிருந்தார்.

“வந்ததும் மொத வேலையா அவன் தலையைக் கவனிடா. பரட்டையா இருப்பான்.”

“கவனிக்கிறேன்க்கா.”

“என்னடா உம்முனு இருக்கே? வார்டர் கடிச்சிட்டாரா?”

“வெயில்க்கா.”

அவர் காலரில் ஒட்டியிருந்த முடித் துணுக்குகளை அம்மா தட்டிவிட்டாள். “குளிச்சிட்டு வரக்கூடாதா? வீடெல்லாம் முடி.” மாமா தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். வந்ததும் என் பிடரியைத் தள்ளிப் பார்ப்பவர், அன்று என்னைத் தொடவேயில்லை.

மறுநாள் நீதிமன்றத்துக்கு அண்ணனை அழைத்து வந்தார்கள். தலை ஒட்ட வெட்டியிருந்தது.

“நல்லதுதான், புழுக்கத்துக்கு ஆகும்” என்றாள் அம்மா. நீலச் சட்டை வைத்த பை அவள் மடியில் இருந்தது.

நான் நீதிபதியின் நாற்காலியைப் பார்த்தேன். அவர் இன்னும் வந்திருக்கவில்லை.

பத்து வருடம் என்று தீர்ப்பானது.

மாமா அதன்பிறகு சிறைக்குப் போகவில்லை. கேட்டால் கண் சரியில்லை என்பார். கடையிலும் அந்தக் கேள்வி நின்றுபோனது. அம்மா இறந்த பிறகுதான் என்னிடம் சொன்னார். தீர்ப்புக்கு முந்தின நாளே வார்டர் அண்ணனைக் காட்டி, “கைதி” என்றாராம்.

“நாளைக்குத்தானே சார் தீர்ப்பு?”

“அது உனக்கெதுக்கு? ஒட்ட வெட்டு.”

அன்று மாலை அம்மா தட்டிவிட்டது அண்ணனின் முடி.