புருஷன் காலுக்கு எழுதிய வண்டி

லாரிக்காரர்கள் அவளை லேப்டாப் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பெரிய டர்போ, புது இன்ஜெக்டர் என்று மற்றவர்கள் மாட்டிவிட்டுப் போன பிறகு, டீசல் எப்போது எவ்வளவு பாய வேண்டும் என்று இன்ஜின் கம்ப்யூட்டருக்குச் சொல்லிக்கொடுப்பது அவள் வேலை. வாய்க்கொழுப்பு கொஞ்சம் அதிகம். "இரும்பைத் தூக்கி மாட்ட எருமை போதும், மூளைக்கு என்கிட்ட வாங்க" என்பாள். சொன்னதைச் செய்தும் காட்டுவாள் என்பதால் யாரும் கோபித்துக்கொள்வதில்லை.

அவள் புருஷனும் லாரி ஓட்டியவர்தான். வலது முழங்காலில் பழைய அடி. ஆக்ஸிலரேட்டரை அழுத்தி மிதிக்க முடியாது, கட்டைவிரலால் தொடுவார், அவ்வளவுதான். அந்தத் தொடுதலுக்கே வண்டி முழுச் சுமையையும் இழுக்கும்படி அவள் கம்ப்யூட்டரில் எழுதினாள். பக்கத்து இருக்கையில் மடியில் லேப்டாப்போடு உட்கார்ந்து, மேட்டில் ஏறி இறங்கி, "இன்னும் கொஞ்சம் பதமா எடுக்கட்டும்" என்று அவர் சொல்லச் சொல்ல வாரக்கணக்கில் திருத்தினாள். அவர்கள் சண்டை போட்டதும் ராசியானதும் பெரும்பாலும் அந்த வண்டிக்குள்தான்.

ஒரு மத்தியானம் சாப்பிட்டுவிட்டுத் தூங்கப் போனவர் எழுந்திருக்கவே இல்லை. வண்டியைப் பார்க்கச் சகிக்காமல், செங்கல் ஏற்றும் ஒருவருக்கு விற்றுவிட்டாள். விற்கும்போதே உள்ளே எழுதியதை மாற்றியிருக்க வேண்டும். நல்ல கால் மிதித்தால் பாய்ந்துவிடும் என்று தெரியாதவளா? கை வரவில்லை. வாங்கியவரும் "இழுவை பிச்சுக்கிட்டுப் போகுதுக்கா, அப்படியே இருக்கட்டும்" என்றார். அதைச் சாக்காக வைத்துக்கொண்டாள்.

அதிலிருந்து பிடித்தது சனி. அந்த வண்டி தெருவில் போகும்போதெல்லாம் டர்போவின் விசில் சமையலறை வரை கேட்கும். அடுப்பில் இருப்பதை அப்படியே விட்டுவிட்டு வாசலுக்கு ஓடுவாள். அவர்தான் வருகிறார் என்று உடம்பெல்லாம் சிலிர்க்கும். சத்தம் தேய்ந்து போய்விட்டால் அதைவிடப் பயமாக இருக்கும். யாரிடம் சொல்வது? கழன்றுவிட்டது என்பார்கள்.

போன வாரம் செங்கல்காரர் வண்டியோடு பட்டறைக்கு வந்தார். முகத்தில் ஈயாடவில்லை.

"நேத்து சூளையில ரிவர்ஸ் எடுத்தேன்க்கா. லேசாத்தான் மிதிச்சேன். பாய்ஞ்சு போய் சுவத்தைத் தள்ளிருச்சு. அங்க உக்காந்து சாப்பிட்டுக்கிட்டு இருந்த ஆளு அப்பதான் தண்ணி குடிக்க எந்திரிச்சான். இல்லன்னா அவன் கதை முடிஞ்சிருக்கும். இதை மாத்திக் குடுத்துருங்க."

"மாத்தலாம் தம்பி," என்றாள்.

இந்தத் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. தான் எழுதியதை வேறு கடைக்காரர்கள் சுட்டுவிடக் கூடாதென்று, முடித்ததும் வண்டியின் கம்ப்யூட்டரைப் பூட்டிவிடுவார்கள். அதன்மேல் புதிதாக எழுதலாம், உள்ளே இருப்பதை வெளியே எடுக்க முடியாது, பூட்டியவராலும் முடியாது. பழக்க தோஷத்தில் புருஷன் வண்டியையும் பூட்டியிருந்தாள். வீட்டு வண்டியில் எவன் வந்து திருடப் போகிறான் என்று யோசித்திருக்க வேண்டாமா? நகல் இருந்த பழைய லேப்டாப்போ செத்துப்போய்க் குப்பைக்குப் போயாயிற்று. ஊருக்கெல்லாம் நகல் எடுத்து வை என்று உபதேசம் செய்கிறவளின் லட்சணம் இது. ஆக, அவர் காலுக்கென்று எழுதியது இந்த ஒரு வண்டிக்குள்தான் இருந்தது. மேலே எழுதினால் போச்சு.

"ஒரு தடவை மேடு வரைக்கும் ஓட்டிட்டு வந்துடறேன்."

"நானும் வரவாக்கா?"

"வேணாம். நீங்க உக்காருங்க."

டிரைவர் இருக்கையில் ஏறினாள். பக்கத்தில் தன் பழைய இடத்தைத் திரும்பிப் பார்க்கத் துணிச்சல் இல்லை. காலியாக இருந்தாலும் தாங்காது, இல்லாவிட்டாலும் தாங்காது. ஆள் நடமாட்டமில்லாத மேட்டுச் சாலையில், அவர் மாதிரியே கட்டைவிரலால் தொட்டாள். வண்டி கரும்புகை கக்கிக்கொண்டு எகிறியது. காலை எடுத்தாள், துவண்டது. மறுபடி தொட்டாள், மறுபடி எகிறியது. எந்த இடத்தில் எவ்வளவு என்று ஒவ்வொரு எண்ணும் அவளுக்கு அத்துப்படி. ஆனாலும் அந்தத் தொடுதல் அவள் காலுக்கு வரவில்லை. வண்டி அவரைத் தேடிக்கொண்டே இருந்தது. இத்தனை நாள் தானும் அதைத்தான் செய்துகொண்டிருந்தோம் என்று அவளுக்கு உறைத்தது. ஓரமாக நிறுத்திவிட்டு வாய்விட்டு அழுதாள்.

திரும்பி வந்து ஒயரைச் செருகினாள்.

"பழசும் நல்லாத்தான் இழுத்துச்சு. ஒரு காப்பி எடுத்து வெச்சுக்கலாமாக்கா?"

"எடுக்க முடியாது தம்பி. அது என் வீட்டுக்காரர் காலுக்கு எழுதினது. அந்தக் கால் இப்ப யார்கிட்டயும் இல்ல."

எழுதி முடிந்ததும் செங்கல்காரரை ஓட்டச் சொல்லி, அவள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். வண்டி மேட்டில் பதமாக ஏறியது. மடியில் இருந்த திரையில் வேறொருவர் மிதிக்கும் கோடு ஏறி இறங்குவதைப் பார்த்தாள்.

"இப்ப சொன்ன பேச்சு கேக்குதுக்கா," என்றார் அவர் சந்தோஷமாக.

அவள் தலையாட்டினாள். அவளைப் பொறுத்தவரை புருஷன் அன்றைக்குத்தான் செத்துப்போனார்.