தம்பி விற்கச் சொன்ன பங்கு

பல் செய்கிற கூடத்தில் அவனுக்கு ‘மார்க்கெட்’ என்று பெயர். வைத்தவர் முதலாளி. ஒருநாள் பீங்கான் பல் நான்கை உலையில் வைத்துவிட்டு, அவை வேகும் நேரத்துக்குள் ஒரு பங்கை வாங்கி விற்றுவிடலாம் என்று செல்போனைத் திறந்தவன், உலை என்று ஒன்று இருப்பதையே மறந்துபோனான். வெளியே எடுத்தபோது நான்கும் உருகி, சப்பிப் போட்ட மிட்டாய் மாதிரி பளபளத்தன. அந்தப் பங்கிலும் நஷ்டம்தான்.

கெட்டிக்காரக் கை அவனுடையது. கடைவாய்ப் பல்லின் மேடு பள்ளத்தை மெழுகில் அவன் செதுக்கினால், மாட்டிக்கொள்கிற ஆளுக்கே எது தன் பல், எது வாங்கிய பல் என்று தெரியாது. கடவுள் கொடுத்த அந்தக் கையை அவன் மதிக்கவே இல்லை. சந்தையில் பெரிய ஆளாகப் போகிறவனுக்குப் பல் எதற்கு?

அப்பா போகும்போது ஒரு பெயிண்ட் கம்பெனியின் பங்குகளை அக்காவுக்கும் அவனுக்கும் சரிபாதியாக எழுதிவைத்தார். மூன்றாவது வாரம் விலை கொஞ்சம் ஏறியது. அவன் மொத்தத்தையும் விற்றுவிட்டு எல்லாரையும் ஓட்டலுக்குக் கூட்டிப்போனான். “பணத்தைத் தூங்க விடக் கூடாதுக்கா, நீயும் வித்துடு” என்றான். ஆஸ்பத்திரியில் படுக்கை விரிப்புகளுக்கும் தலையணை உறைகளுக்கும் பொறுப்பாளியாக இருந்த அக்கா, “பாக்கலாம்டா” என்றாள். பதினெட்டு வருஷம் பார்த்தாள்.

அந்தப் பதினெட்டு வருஷமும் அவன் ஓய்ந்து உட்காரவில்லை. ஏறுகிற பங்கை நாலு காசு லாபத்துக்கு அடித்துப்பிடித்து விற்பான். இறங்குகிற பங்கைக் கட்டிக்கொண்டு அழுவான். இந்த விலைக்குக் கீழே போனால் தானாக விற்றுவிடட்டும் என்று காலையில் ஒரு வரம்பு வைப்பான். விலை அதை நெருங்கினால், மெழுகு ஒட்டிய விரலைச் சட்டையில் துடைத்துவிட்டு, வரம்பை இன்னும் கொஞ்சம் கீழே தள்ளிவைப்பான். மறுபடி நெருங்கும், மறுபடி தள்ளுவான். வாங்கினாலும் கமிஷன், விற்றாலும் கமிஷன் என்பதால், அவனால் உருப்படியாகப் பிழைத்தவர் புரோக்கர் ஒருவர்தான். மனைவி அவன் சம்பளம் நேரே தன் கைக்கே வரும்படி செய்துகொண்டாள். பேச்சையும் குறைத்துக்கொண்டாள்.

ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம், பிளாஸ்டர் தூசிக்கு நடுவே அவன் சாப்பாட்டு டப்பாவைத் திறந்த நேரத்தில் அக்கா வந்தாள். குடியிருக்கும் வீட்டை வீட்டுக்காரர் விற்கப்போகிறாராம். முதலில் இவளைத்தான் கேட்டிருக்கிறார். வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். கீழ்த்தளம், இரண்டு அறை, வாசலில் ஒரே ஒரு படி. முப்பது வருஷம் நின்றே வேலை பார்த்து முட்டி இரண்டும் தேய்ந்துபோன அக்காவுக்கு அந்த ஒரு படிதான் வேண்டியிருந்தது. பங்கு மொத்தத்தையும் விற்றால் வீட்டு விலைக்குச் சரியாக இருக்கும்.

“எனக்கு இதெல்லாம் என்னடா தெரியும்? நீ சொல்லு” என்று பையிலிருந்து காகிதத்தை எடுத்து நீட்டினாள்.

அவன் பார்த்தான். பதினாறு மடங்கு. அவனிடமும் அதே எண்ணிக்கையில் இருந்த பங்குதான். அவனுக்கு வயிறு எரிந்தது. கூடப்பிறந்தவள் என்றால் எரியாதா என்ன, நன்றாகவே எரிந்தது. ‘எங்கிட்ட குடுக்கா, மூணு மாசத்துல ரெண்டு மடங்காக்கித் தரேன்’ என்ற சொல் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அப்போதுதான் அவள் கால் கண்ணில் பட்டது. செருப்பு வாரை மீறி வீங்கியிருந்தது. சொல்லை விழுங்கினான்.

“வித்துடுக்கா. இன்னைக்கே வித்துடு.”

“எல்லாத்தையுமா?”

“எல்லாத்தையும். வீட்டை வாங்கிடு.”

அக்கா காகிதத்தை வாங்கி நாலாக மடித்துப் பைக்குள் வைத்தாள். “அப்ப விக்கக் கூடாது.”

“என்னக்கா சொல்ற?”

“கோவிச்சுக்காதடா. உங்க மாமா உசுரோட இருக்கும்போதே சொல்வாரு, உன் தம்பி விக்கச் சொன்னா வச்சுக்கோ, வாங்கச் சொன்னா ஓடிடுன்னு. இதுவரைக்கும் அஞ்சு தடவை விக்கச் சொன்ன. அஞ்சு தடவையும் வச்சுக்கிட்டேன். அதனாலதான் இன்னைக்கு இவ்வளவு இருக்கு.”

கூடத்தில் யாரோ சிரித்தார்கள். அவனுக்குக் காது சுட்டது.

“அதெல்லாம் வேற, இது வேறக்கா. நான் பங்கைப் பத்திப் பேசல. உன் காலைப் பத்திப் பேசறேன்.”

“ஒவ்வொரு தடவையும் ‘இந்தத் தடவை வேற’ன்னுதானே சொல்லுவ.”

புதன்கிழமை இரண்டு முறை போன் செய்தான். வியாழக்கிழமை, “நீ அவசரப்படுத்த அவசரப்படுத்த எனக்குப் பயமா இருக்குடா” என்று வைத்துவிட்டாள். வெள்ளிக்கிழமை லீவு போட்டு வீட்டுக்கே போய்க் கெஞ்சினான். பிறந்ததிலிருந்து தன் லாபத்தை நினைக்காமல் அவன் சொன்ன வார்த்தை அது ஒன்றுதான். அதை நம்புவதற்குத்தான் ஆள் இல்லை. சனிக்கிழமை காலையில் ஒரு மருந்துக்கடைக்காரர் வந்து வீட்டுக்கு முன்பணம் கொடுத்துவிட்டுப் போனார்.

அடுத்த மாதம் அக்கா வேறு வீட்டுக்குப் போனாள். அவள் கொடுக்கிற வாடகைக்கு மூன்றாவது மாடிதான் கிடைத்தது, லிப்ட் கிடையாது. துணி துவைக்கும் மெஷினை அவனும் இன்னொரு ஆளுமாகத் தூக்கிக்கொண்டுபோய் மேலே வைத்தார்கள். இறங்கி வந்து பார்த்தால், அக்கா இரண்டாவது மாடித் திருப்பத்தில், சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்திருந்தாள். முகமெல்லாம் வேர்வை. ஒரு கையால் முட்டியைப் பிடித்திருந்தாள். ஆனாலும் முகத்தில் ஒரு சந்தோஷம்.

“நம்ம பங்கு இந்த மாசம் இன்னும் ஏறிடுச்சாம்டா. பக்கத்து வீட்டுப் பையன் போன்ல பாத்துச் சொன்னான். நல்லவேளை, உன் பேச்சைக் கேக்கல.”

அவன் குனிந்து, அவள் கையை எடுத்துத் தன் தோளில் போட்டுக்கொண்டான். இன்னும் பதினெட்டுப் படி இருந்தது.