முன் சீட்டுக்காரியின் முட்டி

என் கணவரின் அலுவலகத்தில் இருந்த வெளிநாட்டு எஞ்சினியர் ஊருக்குத் திரும்பும்போது தன் சைக்கிளை எங்கள் தலையில் கட்டிவிட்டுப் போனார். இருவர் மிதிக்கும் சைக்கிள். பின்னால் இருப்பவர் வழக்கம்போல நிமிர்ந்து உட்கார்ந்து ஹேண்டில்பாரைப் பிடிப்பார். முன்னால் இருப்பவர் ஈஸிசேரில் சாய்வதுபோல் சாய்ந்து, காலை நேரே நீட்டி மிதிக்க வேண்டும். முன்னால் நான், பின்னால் என் கணவர். சைக்கிள் விடவே கற்றுக்கொள்ளாத எனக்கு மிதிக்கக் கிடைத்த ஒரே வண்டி அதுதான். ஒரு ஞாயிற்றுக்கிழமையாவது அடையாறு பாலத்தைத் தாண்டி பெசன்ட் நகர் கடற்கரை வரை போய்விட வேண்டும் என்று அத்தனை ஆசை.

முதல் சவாரியிலேயே என் செருப்பு கழன்று பஸ்ஸுக்கு அடியில் போயிற்று. பாண்டி பஜாரில் தடித்த அடி வைத்த ஷூ வாங்கித் தந்தார். அதற்குப் பிறகு முட்டி வலி ஆரம்பித்தது. ராஜா அண்ணாமலைபுரத்தில் இருந்து கிளம்பிப் பாலத்தை எட்டுவதற்குள் கண்ணில் நீர் வந்துவிடும். திரும்பிவிடுவோம்.

வண்டி எங்கள் ஹாலில் நின்றது. வாசலில் விட்டால் தெருவே வந்து பெல் அடித்துப் பார்க்கும். அவர் தினமும் ஆபீஸ் விட்டு வந்ததும் ஸ்பேனரும் இன்ச் டேப்புமாக உட்கார்ந்துவிடுவார். முன் பெடல் மாட்டிய குழாயைத் தளர்த்தி, என்னைச் சீட்டில் சாயவைத்து, காலை அளந்து இறுக்குவார். உடனே செயின் தொய்ந்துவிடும். அதற்கு இன்னொரு மணி நேரம். நடுவில் நான் எழுந்து போய்ச் சாம்பாரை இறக்கிவிட்டு வந்து மறுபடி சாய வேண்டும்.

"ரோட்ல போனா கால் இடுக்குதுங்க," என்பேன்.

"அளவு கரெக்டா இருக்கு. நீதான் சரியா சாயமாட்டேங்கற."

இரண்டு மாதம் இதே பாட்டு. கடைசியில் ஒருநாள், "உனக்கு இது ஒத்துவரல, யாருக்காவது குடுத்துடலாம்," என்றுவிட்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கொடுப்பதற்கு முன்னால் ஒரு கடையில் காட்டியே ஆக வேண்டும் என்று அடம்பிடித்தேன்.

சைதாப்பேட்டையில் ஒரு சைக்கிள் கடை. அங்கேயும் அவர் இன்ச் டேப்பைப் பையில் போட்டு எடுத்து வந்திருந்தார். கடைக்காரர் வண்டியை இரண்டு முறை சுற்றி வந்தார். பிறகு என்னை ஏறி உட்காரச் சொல்லிவிட்டு என் காலையே பார்த்தார்.

"இன்னாமா, அளவு எடுக்க சொல்ல இந்த ஷூ போட்டுக்கினு இருந்தீங்களா?"

"வீட்டுக்குள்ள எப்படிங்க போடறது? ஹால்லதான் சாமி அலமாரி. வெறுங்கால்தான்."

"அப்ப இம்மாந்தண்டி ஷூ அடி கணக்குலயே வரலியே சார். அதான் காலு நீட்ட எடம் பத்தாம அவங்களுக்கு முட்டி மடங்குது."

"அட, ஆமாம்ப்பா," என்றார் என் கணவர், ஒரு கேள்விகூடக் கேட்காமல்.

கடைக்காரர் குழாயை ஓர் அங்குலம் வெளியே இழுத்து, செயினில் கண்ணி சேர்த்துக் கொடுத்தார். நந்தனம் வழியாக வந்து, வீட்டுப் பக்கம் திரும்பாமல் பாலத்தில் ஏறினோம். வலி இல்லை. ஆசைப்பட்ட பாலம்தான், ஆனால் எனக்குக் கோபம் கோபமாக வந்தது. முன்பின் தெரியாதவர் ஒருதரம் சொன்னதை நம்பியவர், நான் இரண்டு மாதம் சொன்னதை நம்பவில்லை. எதிரே வந்தவர்கள் எல்லாரும் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு போனார்கள். பின்னால் இருந்தவருக்கு அது தெரிய வழியில்லை.

பாலம் இறங்கும்போது அவர் குரல் கேட்டது. "முட்டி எப்படி இருக்கு?"

"டேப் பையிலதான் இருக்கு," என்றேன். "அளந்து பாத்துக்குங்க."