ஒரு இலக்கத்தை மாற்றச் சொன்ன மத்தியானம்

போன வருடம், பெருமழை விட்டிருந்த சமயம். பிலிமத்தலாவையில் மிளகுக் கொடிகளுக்கு மருந்து தயாரிக்கும் ஒரு சின்னக் கம்பனியில் புள்ளிவிபரக் கணக்குப் பார்க்கும் வேலையில் இருந்தேன். இப்போது நினைத்தாலும் இரத்தம் கொதிக்கிறது.

வேரழுகலுக்கு ஒரு புது மருந்து. அலவத்துகொடையில், தகப்பனின் தம்பியான எங்கள் சாச்சாவின் தோட்டத்தில்தான் சோதித்தோம். பாதிக் கொடிகளுக்கு மருந்து, மீதிக்கு வெறும் தண்ணீர். மருந்து நன்மையும் செய்யலாம், கெடுதலும் செய்யலாம். இரண்டு பக்கமும் பார்ப்போம் என்று தொடங்கும் முன்பே முடிவெடுத்திருந்தோம். அதன்படி, தற்செயலுக்கு விடும் நூற்றுக்கு ஐந்தை இரண்டு பக்கமும் பாதி பாதியாகப் பிரித்து, கணினியில் 0.975 என்று கொடுத்தேன். அவதிப் பெறுமானம், அதாவது தாண்ட வேண்டிய எல்லை, 2.05 என்று வந்தது. அந்த எல்லையைத் தாண்டினால்தான் மருந்து வேலை செய்தது என்று சொல்லலாம். எங்களுக்குக் கிடைத்ததோ 1.8.

மெனேஜர் என் கதிரைக்குப் பின்னால் வந்து நின்றார். யாழ்ப்பாணத்துக்காரர், எப்போதும் மெதுவாகத்தான் பேசுவார்.

“பிள்ளை, 0.95 எண்டு போட்டுப் பாரும். நன்மைப் பக்கம் மட்டும் பாத்தாப் போதும்.”

போட்டால் எல்லை 1.70க்கு இறங்கிவிடும். மருந்து பாஸ்! முடிவைப் பார்த்த பிறகு எல்லையை மாற்ற ஏலாது என்றேன்.

“ஒரு இலக்கம்தானே. இதுக்கேன் இவ்வளவு கோவம்?”

ஏன் கோபமா? கொடி அழுகினால் தோட்டக்காரன் வீட்டில் அடுப்பு எரியாது. இந்த மருந்தை நம்பி வேறு வழி பார்க்காமல் இருக்கிறவனுக்கு இவரா வந்து பதில் சொல்வார்? இதையெல்லாம் அவர் முகத்துக்கு நேரே கத்திவிட்டு எழும்பினேன். அவர் என் கதிரையிலேயே உட்கார்ந்து, தானே அந்த எண்ணைத் தட்டினார். அறிக்கையில் என் பெயர் இருக்கக் கூடாது என்று சொல்லி, பையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

அன்று பின்னேரமே சாச்சா போனில் கோல் எடுத்தார்.

“என்ன மகள், மருந்து சரியா? எடுக்கவா?”

“வாணாம் சாச்சா. அது வேல செய்யும்னு சொல்ல ஏலாது.”

அவர் வாங்கவில்லை. இன்று அந்த மருந்து கடைகளில் இருக்கிறது, ‘பரிசோதித்து நிரூபிக்கப்பட்டது’ என்று போத்தலில் பச்சை எழுத்தில். தெரிந்த கடைக்காரர்களிடம் சொல்கிறேன், சிரிக்கிறார்கள். சாச்சாவுக்குச் சொல்ல நான் இருந்தேன், போத்தலை நம்பி வாங்கிப் போகிறவர்களுக்கு யார் இருக்கிறார்கள் என்று நினைக்கும்போதெல்லாம் அதே கோபம் வருகிறது. அது ஆறாமலே இருக்கட்டும்.