திசைகாட்டிக்குப் பக்கத்தில் அன்னம்மா

காலை 10.42.

நேரம் எப்படி இவ்வளவு கச்சிதமாகத் தெரியும் என்கிறீர்களா? ஈப்போ விமானப் பயிற்சிப் பள்ளியின் அலுவலகச் சுவரில் ஒரு பெரிய கடிகாரம் இருக்கிறது. அதற்குக் கீழே ரேடியோ. அதில் என் மகள் ஷெரினின் குரல் கேட்டபோது நான் கடிகாரத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆங்கிலத்தில் பேசினாள். பதற்றமே இல்லை. வயர் கருகும் வாசனை வருகிறது... மின்சாரத்தை மொத்தமாக அணைக்கிறேன்... ஈப்போவுக்குத் திரும்புகிறேன்.

அவ்வளவுதான். அதன் பிறகு அவள் குரல் வரவில்லை.

பத்திரிகையில் என் பத்தியைத் தொடர்ந்து படிப்பவர்களுக்கு என்னைத் தெரியும். லிப்டில் ஏறினாலே மாடிகளை எண்ணிக்கொண்டு போகிறவன். எனக்குப் பிறந்தவள் பைலட் ஆகப் போகிறேன் என்று நிற்கிறாள்! இருபத்திரண்டு வயது. அன்றுதான் முதன்முறையாகத் தனியாக வெளியூர் பறக்கிறாள். தெற்கே தாப்பா ஊர் வரை போய்த் திரும்ப வேண்டும். பக்கத்துச் சீட்டில் சொல்லிக்கொடுப்பவர் கிடையாது.

நான் வெளியே ஓடினேன். எங்கே ஓடினேன்? தெரியாது. விமானங்களைப் பழுது பார்க்கும் கொட்டகை வாசலில் ரஹீம்மேல் போய் மோதினேன். அவர்தான் அங்கே இன்ஜினியர். குடும்பமே டவுனில் நாசி கண்டார் சோற்றுக் கடை வைத்திருக்க, இவர் மட்டும் ஸ்பேனரைப் பிடித்துக்கொண்டவர்.

“ரஹீம்... கரண்ட அணைச்சுட்டாளாம். இன்ஜின் நின்னுடாதா?”

“நிக்காதுண்ணே. அந்த இன்ஜின் பேட்டரிய நம்பி ஓடல. உள்ளயே காந்தம் சுத்துது, அதுவே பொறிய உண்டாக்கிக்கும். அதுலயும் ரெண்டு செட்டு இருக்கு.”

“ரெண்டு எதுக்கு?”

“ஒன்னு போனா இன்னொன்னுலா.”

“ஸ்கிரீன் எல்லாம்?”

“ரெண்டும் கறுத்துப் போயிருக்கும். அதுக்கென்ன? கீழ மூனு மீட்டர் இருக்கே, காலையில பாக்கலயா நீங்க?”

பார்த்திருந்தேன். புறப்படுவதற்கு முன் படம் எடுத்துக்கொள்ள எனக்கு ஐந்து நிமிடம் அனுமதி கொடுத்தார்கள். உள்ளே எட்டிப் பார்த்தால் வீட்டு டிவியைப் போல இரண்டு பளபளப்பான திரைகள். வேகம், உயரம், வரைபடம், மழை மேகம் — எல்லாம் அதிலேயே தெரிகிறது. அவற்றுக்குக் கீழே, பழைய அலாரம் கடிகாரம் மாதிரி மூன்று சின்ன வட்டங்கள். பாவம், இன்னும் இதைக் கழற்றாமல் வைத்திருக்கிறார்களே என்று நினைத்தேன்.

அந்தப் பாவப்பட்ட மூன்றின் கையில்தான் இப்போது என் மகள்.

ரஹீம் விரல் விட்டுச் சொன்னார். வேகம் காட்டுவதும் உயரம் காட்டுவதும் வெளிக்காற்றின் அழுத்தத்திலேயே வேலை செய்கின்றன. மூன்றாவது, விமானம் சாய்ந்திருக்கிறதா நேராக இருக்கிறதா என்று சொல்வது. இன்ஜின் ஓட்டும் ஒரு பம்ப் அதைச் சுழற்றுகிறது. எதற்கும் கரண்ட் வேண்டாம். எல்லாவற்றுக்கும் மேலே, முன்கண்ணாடிக்குப் பக்கத்தில், திரவத்தில் மிதக்கும் சின்னத் திசைகாட்டி. அதற்குக் காற்றும் வேண்டாம், பம்பும் வேண்டாம். இந்தப் பூமி இருந்தால் போதும்!

எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. யாரோ ஒருவர் எங்கோ உட்கார்ந்து, ‘இது போனால்?’ என்று கேட்டிருக்கிறார். பதில் எழுதியிருக்கிறார். அதோடு எழுந்து போகவில்லை. ‘அதுவும் போனால்?’ என்று மறுபடி கேட்டிருக்கிறார். முகம் தெரியாத என் மகளுக்காக.

‘இது போனால்?’ என்று நானும்தான் வாழ்நாள் முழுக்கக் கேட்கிறேன். ஆனால் கேட்டுவிட்டுப் பயப்படுவதோடு சரி. என் காரின் ஸ்பேர் டயரில் காற்று இருந்து மூன்று வருடம் ஆகிறது.

“இன்னிக்குப் புகைமூட்டம்ண்ணே, அதான் கொஞ்சம்...” என்று ரஹீம் இழுத்தார். “நெடுஞ்சாலை கீழ சரியாத் தெரியாது. ஆனா காம்பஸ் இருக்கு. அத மட்டும் பிடிச்சிக்கிட்டு வந்தா போதும். வலது பக்கம் ஒதுங்கினாத்தான் கேமரன் மலை.”

நான் அவர் கையைப் பிடித்தேன்.

“ரஹீம்... அந்தக் காம்பஸ் பக்கத்துல காந்தம் இருந்தா?”

“பொய் சொல்லும். ஆனா யாருண்ணே அங்க போய் காந்தத்த வைப்பா?”

நான்தான்.

போன வருடம் புக்கிட் மெர்த்தாஜாம் தேவாலயத் திருவிழாவில் வாங்கிய புனித அன்னம்மாள் சுரூபம், சின்னச் சிலை. கட்டை விரல் உயரம். நம் ஆட்களின் கார்களில் பார்த்திருப்பீர்களே — டேஷ்போர்டில் ஒட்ட ஒரு தகடு, அதைக் கவ்விப் பிடிக்கச் சுரூபத்தின் அடியில் காந்தம். காலையில் ஷெரின் இறக்கையைச் சோதித்துக்கொண்டிருந்தபோது, அவளுக்குத் தெரியாமல், உள்ளே முன்கண்ணாடியை ஒட்டினாற்போல் ஒட்டிவிட்டு வந்திருந்தேன். திசைகாட்டிக்கு நேர் கீழே. என் பங்குக்கு ஒரு கூடுதல் பாதுகாப்பு!

சொன்னேன்.

ரஹீம் என்னை மேலும் கீழும் பார்த்தார். “என்னாண்ணே... காடியா இது, கார்ல ஒட்டுற மாதிரி ஒட்ட?”

“தெரியலப்பா. சத்தியமா தெரியல.”

பிறகு அவரே என் தோளைத் தட்டினார். “ஓடுபாதையில நிக்கும்போது காம்பஸ் சரியாக் காட்டுதான்னு பாக்கணும். செக்லிஸ்ட்ல இருக்கு. பாப்பா பாத்திருக்கும்.”

“பாக்கலன்னா?”

அவர் வானத்தைப் பார்த்தார். நானும் பார்த்தேன். பால் கலந்த மாதிரி வெள்ளையாக இருந்தது. மலையும் இல்லை, எல்லையும் இல்லை. செபமாலையை எடுத்தேன், முதல் மணியைத் தாண்ட முடியவில்லை. யாரிடம் வேண்டுவது? அன்னம்மாளிடமா? ‘தாயே, கொஞ்சம் தள்ளி நின்றுகொள்’ என்றா?

பதினொன்று அடித்தது. ஐந்து நிமிடம் போனது. பிறகு இன்னும் இரண்டு.

“அதோ!” என்றார் ரஹீம்.

குனோங் ராபாட் சுண்ணாம்பு மலைப் பக்கம் புகைக்குள் ஒரு வெள்ளைப் புள்ளி. ரேடியோ செத்துக் கிடக்கிறதே, இவள் இறங்கலாம் என்று யார் சொல்வது? அதற்கும் மாற்று வைத்திருந்தார்கள்! கட்டுப்பாட்டுக் கோபுரத்திலிருந்து ஒரு பச்சை விளக்கு அவளை நோக்கி நீண்டது. புள்ளி இறக்கையை இப்படியும் அப்படியும் ஆட்டியது. ‘பார்த்துவிட்டேன்’ என்று அர்த்தமாம். ரஹீம் சொன்னார். நான் அப்போது தரையில் உட்கார்ந்திருந்தேன்.

சக்கரங்கள் தரையைத் தொட்டன. தீயணைப்பு வண்டி பின்னாலேயே ஓடியது. கருகியது ஒரு சின்ன விசிறியின் வயர் என்று அப்புறம் சொன்னார்கள். அதெல்லாம் எனக்கு அப்போது எதற்கு?

ஷெரின் நடந்து வந்தாள். சட்டை முழுக்க வியர்வை. நான் கட்டிப்பிடிப்பதற்குள் கையை நீட்டினாள். உள்ளங்கையில் அன்னம்மாள்.

“ரன்வேலயே காம்பஸ் கோணலா நின்னுச்சுப்பா. பாத்தா உங்க வேல! தகட்டோட பிச்சி, அன்னம்மாவப் பின்சீட்டுல உக்கார வச்சி பெல்ட்டும் போட்டுட்டேன்” என்றாள். “கூட வரட்டும்... வழி மட்டும் காட்ட வேணாம்லா!”